தும்பிக்கு இப்போது நாற்பத்தேழு வயது

அக்கா,

இன்று காலை குசினி மேசையில் கறுப்பு மைப் போத்தல் ஒன்றைத் திறந்தேன். புதுப் போத்தல்தான், ஆனால் மணம் அதே பழைய மணம். மூடியைக் கழற்றியதும் என்னை அறியாமலே எழுந்து போய் யன்னலைத் திறந்துவிட்டேன். வெளியே தை மாதக் குளிர். இது உங்கள் வேலை. ஹரோவில் உங்கள் வீட்டுக் குசினியில் நான் மைப் போத்தலைத் திறந்தால் போதும், பனி கொட்டினாலும் நீங்கள் யன்னலைத் திறப்பீர்கள். "எலி செத்த மணம்" என்பீர்கள். நான் ஜாக்கெட்டைக் கழற்றாமல் நடுங்கி நடுங்கிப் படம் கீறுவேன். இன்றைக்குத் திரும்பி வந்து கதிரையில் இருந்தபோதுதான் நீங்கள் இல்லை என்பது எனக்கு உறைத்தது. உங்கள் செத்தவீட்டில்கூட இவ்வளவு உறைக்கவில்லை. அங்கே நான் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பதில் மும்முரமாக நின்றேன்.

போத்தலைத் திறக்க வைத்தவள் உங்கள் பழைய மாணவி. மூன்றாம் வகுப்பில் முன்வரிசையில் இருந்துகொண்டு, "ரீச்சர், இவர் ஏன் துவாயைக் கட்டிக்கொண்டு பறக்கிறார்?" என்று கேட்டாளே, அவள்தான். இப்போது பல் டொக்டர். அவளுடைய மகன் அதே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கிறான். உங்கள் நினைவாக நாங்கள் இருவரும் செய்த சித்திரக்கதை முழுவதையும் ஒரே புத்தகமாகப் போடப்போகிறார்களாம். பழைய போட்டோகொப்பிகளை வீடு வீடாகச் சேர்த்துவிட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு பக்கம் புதிதாக வேண்டும் என்று என்னை மாமா என்று கூப்பிட்டுக் கேட்டாள். கதாநாயகன் புயல்மாறன் கிழவனாகிவிட்டான், அவனுடைய முகமூடியை உதவிப் பொடியன் தும்பி வாங்கிப் போடுகிறான், அப்படி ஒரு பக்கம். தும்பிக்கு இப்போது எத்தனை வயது என்றுகூடக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். நாற்பத்தேழு. புத்தகம் ஊருக்கும் போகுமாம், அங்கே பள்ளிக்கூடங்களுக்கும் வாசிகசாலைகளுக்கும் கொடுப்பார்களாம்.

நான் உடனே ஓம் என்றுவிட்டேன். யோசிக்காமல் வாயைத் திறப்பது என் பிறவிக் குணம், உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு தடவை என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை என்னால் கீற முடியாது.

எப்படித் தொடங்கினோம் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் நோர்பரியில் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்த காலம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவேன், மீதி நேரம் பெற்றோல் ஸ்டேஷனில் நிற்பேன். நீங்கள் ஹரோவில் மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ். வகுப்புக்குப் பெயர்ப்பலகை எழுத வந்த என்னைப் பிடித்து இருத்தி, பாடப்புத்தகத்தைக் காட்டினீர்கள். அதில் ஒரு கமக்காரர் வயலுக்கு மாடு சாய்த்துக்கொண்டு போனார். "இதைப் பார்த்து இந்தப் பிள்ளையள் ஏன் தமிழ் படிக்க வேணும்? பறக்கிற ஆள் ஒருத்தனைக் கீறித் தாரும்" என்றீர்கள். அப்படிப் பிறந்தான் புயல்மாறன். பகலில் மெற்றோபொலிற்றன் லைன் ரயிலில் ரிக்கெற் பார்ப்பவன், ஆபத்து என்றால் பறப்பவன். நான் அழகான மேலங்கி என்று நினைத்துக் கீறியது பிள்ளைகளின் கண்ணுக்குத் தலை துவட்டுகிற துவாயாகத் தெரிந்தது. கதை உங்களுடையது, படம் என்னுடையது. மாதம் நாலு பக்கம்.

இரண்டாவது மாதமே தும்பியைக் கொண்டுவந்துவிட்டீர்கள். பதினைந்து வயது, மஞ்சள் உடுப்பு, வலது புருவத்தில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு. பறக்கிறவனுக்குப் பக்கத்தில் பறக்கத் தெரியாத பொடியன் எதற்கு என்று கேட்டேன். நான் கேட்டது நியாயம்தான். இப்படியான கதைகளில் அந்தப் பொடியனுக்கு இரண்டே வேலை. ஒன்று, வில்லனிடம் பிடிபடுவது. மற்றது, "அண்ணை, இப்ப என்ன செய்யப் போறியள்?" என்று கேட்பது, ஏனென்றால் கதாநாயகன் தன்பாட்டில் கதைத்தால் விசர் என்று நினைப்பார்கள். ஆனால் உங்கள் தும்பி பிடிபடவே மாட்டான். அதுதான் எனக்கு முதலில் விளங்காத விஷயம். எந்தக் கதையிலும் அவனை யாரும் பிடிக்க நீங்கள் விடவில்லை. சந்திக்குச் சந்தி ஆட்கள் நிற்பார்கள், தும்பி ஒழுங்கையால் ஓடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான்.

அடுத்த பொங்கலுக்கு அவனுக்கு வயது பதினாறு என்றீர்கள். நான் சண்டை பிடித்தேன். கதைகளில் இந்தப் பொடியன்கள் வளருவதில்லை, முப்பது வருஷம் போனாலும் அதே அரைக்காற்சட்டைதான், வகுப்புக்கோ வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. "வளராட்டி அது பொம்மை. எனக்குப் பொம்மை வேண்டாம்" என்றீர்கள். அதோடு ஒவ்வொரு தைக்கும் உங்கள் துண்டுக் காகிதம் வரும். பதினாறு: மணிக்கட்டு சட்டைக்கைக்கு வெளியே தெரியவேண்டும். பதினேழு: மீசை தொடங்குகிறது, சரியாக வராது, அதைத் தடவிக்கொண்டே இருப்பான். பதினெட்டு: குரல் உடைந்து முடிந்தது, இனிக் குறைவாகக் கதைப்பான். காது இன்னும் கொஞ்சம் வெளியே நிற்கவேண்டும் என்று ஒரே படத்தை மூன்று தரம் திருப்பி அனுப்பினீர்கள். மருந்துக்கடைக்காரி அளவு பார்க்கிறா என்று அறைக்காரரிடம் உங்களை நக்கலடித்தேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

பத்தொன்பதாவது வயதில் தும்பி புயல்மாறனோடு கோபித்துக்கொண்டு பிரிந்து போனதை நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதுதான் எங்கள் கதையிலேயே சிறந்தது. மஞ்சள் உடுப்பை மடித்துக் கட்டிலில் வைக்கிறான். "இனி என்னைத் தும்பி எண்டு கூப்பிடாதையுங்கோ அண்ணை, எனக்குப் பேர் இருக்கு" என்கிறான். அந்தப் பெயர் என்ன என்று கடைசிவரை நீங்கள் எழுதவில்லை. பெரிய வகுப்புப் பொடியன்கள் அதை வாசித்துவிட்டு ஒரு வாரம் தகப்பன்மாரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தீர்கள். அவர்களும் கிட்டத்தட்ட அதே வயதில் நின்றார்கள். தும்பி தனியாகப் போனான், படித்தான், வேலை தேடினான், ஆபத்தில் ஆட்களைக் காப்பாற்றத் தனக்கென்று ஒரு கறுப்பு உடுப்புத் தைத்தான். எனக்கும் அவன்மேல் மெல்ல மெல்லப் பாசம் வந்துவிட்டது. ஆனால் இருபத்துமூன்றாவது வயதில் அவன் முகம் எனக்கு வரவில்லை. எத்தனை கீறினாலும் "இவன் இல்லை" என்றீர்கள்.

அந்த நேரம்தான் வால்தம்ஸ்டோவில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனேன். கடைக்காரப் பொடியன் பிரான்சில் இருந்து வந்து புதிதாகத் தொடங்கியிருந்தான். பெட்டி தூக்கும்போது ஒரு பக்கம் தோளைச் சரித்து நிற்பான், காதும் வெளியே நிற்கும். எனக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றியது. ஏணியில் நின்றபடியே அவன் முகத்தை ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டேன். புருவத்தில் தும்பியின் தழும்பைப் போட்டு, மைபோட்டு, உங்களிடம் காட்டினேன். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பிறகு உள்ளே போனீர்கள், பைப்பில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கனநேரம் கேட்டது. நான் என் திறமையை நினைத்துப் பூரித்துப்போய் இருந்தேன்.

உங்கள் அம்மா ஊரில் இருந்து வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த கிழமை நான் பக்கங்களைக் கொடுக்க வந்தபோது நீங்கள் வகுப்பில் இருந்து இன்னும் வரவில்லை. அம்மா தேநீர் போட்டுத் தந்தா. மேசையில் விரித்திருந்த படத்தைக் கண்டா. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படத்துக்குக் கிட்டக் குனிந்தா.

"இவனை எங்கை தம்பி கண்டனீர்?"

நான் கடைக்காரப் பொடியனைத்தான் கேட்கிறா என்று நினைத்தேன். வேறு யாரை நினைக்க? "வால்தம்ஸ்டோவிலை அம்மா, ஒரு கடையிலை நிக்கிறார்" என்றேன். சுகமாக இருக்கிறானா என்று கேட்டா. நல்ல சுகம் என்றேன். கலியாணம் கட்டிவிட்டானா என்று கேட்டா. அது தெரியாது என்றேன். அம்மா எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தா. வயதுபோன மனிசி, ஏதோ பாசம் என்று நினைத்துக்கொண்டு நான் தேநீரைக் குடித்தேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள், அம்மா உங்களிடம் ஏதோ சொன்னா, நீங்கள் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், முன்வீட்டுக் காரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். உங்களுக்கு ஒரு தம்பி, புருவத்தில் அதே தழும்பு. பதினைந்து வயது. ரியூசனுக்குப் போன பொடியனைச் சந்தியில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா ஒவ்வொரு முகாம் வாசலிலும் நின்றா. நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிடுவதற்கு முதல் மாதம், அவனோடு உள்ளே இருந்து வெளியே வந்த ஒருவர் உங்களைத் தேடிவந்து, அவன் இனி இல்லை என்று, தான் கண்டதைச் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. "அவனை ஆராவது வளர்க்க வேணும்தானே" என்றீர்கள். அவ்வளவு வருஷமும் மாதம் நாலு பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீங்கள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மற்றதை, நீங்கள் இத்தனை காலம் மறைத்ததை, உங்களால் அம்மாவிடம் சொல்ல ஏலாது என்றீர்கள். கடையில் நிற்பவன் வேறு யாரோ என்பதையாவது சொல்லவேண்டும், அதை நான்தான் சொல்லவேண்டும், வாயைத் திறந்தது நான் என்றீர்கள். சரி என்றேன்.

என்னுடைய மூளைக்கு ஒரு வழி தெரிந்தது. சொல்லுவதைவிடக் காட்டுவது லேசு. நேரே கொண்டுபோய் அவனுக்கு முன்னால் நிறுத்தினால், பெற்ற தாய்க்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை நீங்கள் வேலைக்குப் போனபின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா நல்ல சேலை உடுத்து, பயத்தம் பணியாரம் ஒரு டப்பாவில் கொண்டுவந்தா. கடைக்குள் போய் நின்று அவனைப் பார்த்தா. பழுதான தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "என்னம்மா வேணும்?" என்றான். அம்மா ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கினா. டப்பாவை மேசையில் வைத்தா. வெளியே வந்தோம். இது என்ரை பிள்ளை இல்லை என்று சொல்லப்போகிறா, பஸ் தரிப்பில் இருத்தி ஆறுதல் சொல்லவேண்டும் என்று நான் ஆயத்தமாக நின்றேன்.

"மெலிஞ்சு போனான், புருவத்துக் காயமும் மாறிப்போச்சு" என்றா அம்மா. "என்னைத் தெரியேல்லை அவனுக்கு. என்ன செய்தாங்களோ. நீர் ஒண்டும் கேட்டுப்போடாதையும் தம்பி, வெருண்டு போயிடுவான். மெல்ல மெல்ல வரட்டும்."

அக்கா, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். நாலு சொல். அம்மா, அவன் இவன் இல்லை. அம்மாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்குத் துணிவு வரவில்லை, அதுதான் உண்மை. இரக்கம் என்று சொல்லித் தப்பப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது பயம். பின்னேரம் நீங்கள் போன் எடுத்து, "சொன்னீரோ?" என்று கேட்டீர்கள். "ஓம், சொல்லிட்டன்" என்றேன். அம்மா என்ன சொன்னா என்று கேட்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு அம்மா வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டது எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாத மனிசி, ஹரோவில் ரயில் ஏறி, இறங்கி மாறி, வால்தம்ஸ்டோவரை தனியாகப் போய்வரப் பழகினா. ஐந்து வருஷம். போகும்போதெல்லாம் ஒரு கட்டு கறிவேப்பிலை. பிரிட்ஜ் முழுக்கக் கறிவேப்பிலை, அம்மாவுக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை என்று நீங்கள் சொல்லிச் சிரித்தபோது நானும் கூடச் சிரித்தேன். நான் கடைக்காரப் பொடியனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அவன் கையில் இருந்த பெட்டியை இறக்கி வைத்தான். பிறகு, "வரட்டும் அண்ணை, வந்தா இருக்க ஒரு கதிரை போட்டு விடுறன்" என்றான். போட்டும் விட்டான். நான் மட்டும் அதற்குப் பிறகு தும்பியை அமைதியாகக் கீறவில்லை. ஒவ்வொரு தைக்கும் உங்கள் துண்டு வரும், நான் அவனுக்கு ஒரு வயது கூட்டுவேன். கூட்டக் கூட்ட, கதிரையில் இருந்து ஒரு தாய் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

அம்மாவின் செத்தவீட்டுக்குக் கடைக்காரப் பொடியன் வந்தான். கறுப்புச் சட்டை போட்டு, பின்சுவரோடு ஒரு பக்கம் தோளைச் சரித்து நின்றான். நீங்கள் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அவனில் உங்கள் கண் நின்றது. இருபத்தெட்டு வயதுத் தும்பி மண்டபத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். பிறகு நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் எவ்வளவு விளங்கிக்கொண்டீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கறிவேப்பிலையும் வெள்ளிக்கிழமையும் ஒன்றுசேர்ந்திருக்குமா? நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த தைக்குத் துண்டுக் காகிதம் வரவில்லை. அதோடு கதை நின்றுவிட்டது. ரீச்சருக்கு நேரம் இல்லையாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

போன மாரியில் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எத்தனையோ கதைத்தோம். கவுன்சில் வரி, என் முழங்கால், உங்கள் பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை. நான் ஒவ்வொரு நாளும் சொல்லும் எண்ணத்தோடுதான் வந்தேன். பத்தொன்பது வருஷமாக ரயிலில் என்னோடு தும்பி வருகிறான், அக்கா. காது வெளியே நிற்கும் ஒருவர் எதிரே இருந்தால், என் கண் தானாக அவர் புருவத்துக்குப் போகிறது. முப்பது வயதில் கண்டேன், நாற்பதில் கண்டேன், இப்போது நரைத்துவிட்டது. உங்களிடம் சொல்லியிருந்தால் போயிருப்பானோ என்னவோ.

இன்று காலை அவனை நாற்பத்தேழு வயதில் கீறினேன். கை மறக்கவில்லை, ஒரே தரத்தில் வந்தது. நெற்றி ஏறி, கன்னம் இறங்கி, புருவத் தழும்புக்குள் ஒரு நரைமுடி. நீங்கள் இருந்தால் திருப்பி அனுப்பியிருக்க மாட்டீர்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் ஊருக்குப் போகும் என்று அவள் சொன்னது அப்போதுதான் புத்தியில் ஏறியது. அங்கே இன்னும் தெருவோரம் காணாமற்போன பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு இருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். எல்லாப் படமும் பதினைந்து, பதினெட்டு, இருபது. பேரப்பிள்ளை ஒன்று வாசிகசாலையில் இருந்து இதைக் கொண்டுபோய்க் காட்டினால், அவர்களில் யாராவது ஒருத்தி கேட்கமாட்டாவா, இவனை எங்கை கண்டனீர் என்று? நான் அந்தப் படத்தைக் கிழித்தேன். அதைக் கிழிப்பது லேசாக இருக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காகிதத்தில் அவன் உயிரோடுதான் இருந்தான்.

பிறகு வேறு கீறினேன். புயல்மாறன் கிழவன், கையில் பொல்லு, துவாய் நைந்துபோய்விட்டது. அவனுக்குப் பக்கத்தில் தும்பி. மஞ்சள் உடுப்பு. மணிக்கட்டு இன்னும் சட்டைக்கைக்குள்ளேதான். மீசை இல்லை. பதினைந்து வயது. முகமூடியை அவனிடம் நான் கொடுக்கவில்லை. கிழவன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

மத்தியானம் படத்தை அவளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. படம் வடிவு, ஆனால் எங்கேயோ பிழை நடந்துவிட்டது போல என்று பயபக்தியோடு தொடங்கினாள். நான் பிழை இல்லை என்றேன். அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, சின்ன வகுப்பில் உங்களைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஏன் மாமா தும்பி வளரேல்லை?"

"அவனை வளர விடேல்லை, பிள்ளை" என்றேன்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வால்தம்ஸ்டோவில், அந்தக் கடை வாசலில், உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கவேண்டியது இது.